'டவுட்', 'ப்ராப்ளம்', 'இஷ்யூ': எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய இயந்திர வரைபடத்தில் ஓர் அளவு எனக்குப் புரியவில்லை. 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிராயிங்' என்று ஒரே வரியில் மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் ஒரு பக்கத்துக்குப் பதில் வந்திருந்தது. அந்த வரைபடத்தை யார் வரைந்தார், யார் சரிபார்த்தார், அளவுகளை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று வரிசையாக விளக்கிவிட்டு, எந்த இடத்தில் தவறு என்று கருதுகிறீர்கள் என்று கேட்டு முடித்திருந்தார். நான் தெரிந்துகொள்ள விரும்பியதோ, அந்த எண் மில்லிமீட்டரா அங்குலமா என்பது மட்டும்தான். கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு, அவருடைய வேலையின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தொடங்கும் பலருக்கும் இந்தத் தடுமாற்றம் வருகிறது. இதற்குக் காரணம் ஆங்கில அறிவுக் குறைவு அன்று. தமிழில் ஒரே சொல் செய்கிற வேலையை ஆங்கிலம் மூன்று நான்கு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் கையைத் தூக்கி 'சார், ஒரு சந்தேகம்' என்று கேட்கிற மாணவன் ஆசிரியரை நம்பவில்லை என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் 'அவர் மனைவி அவரைச் சந்தேகப்படுகிறார்' என்று சொன்னால் அதே சொல் குடும்பத்தையே கலைக்கக்கூடிய பொருளைத் தருகிறது. சூழலை வைத்து நாம் பிரித்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினையைச் சொல்லே செய்தாக வேண்டும். 'பிரச்சினை' என்ற சொல்லும் இப்படித்தான்: தண்ணீர் வராததும் பிரச்சினை, எல்லைத் தகராறும் பிரச்சினை, மூச்சு விட முடியாததும் பிரச்சினை, பக்கத்து வீட்டுக்காரர் கத்துவதும் பிரச்சினை.

முதல் படி: படிப்பவரிடமிருந்து என்ன வேண்டும் என்று தமிழிலேயே முடிவு செய்யுங்கள்

ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன், இதைப் படிப்பவர் படித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒரு பதில் சொன்னால் போதுமென்றால் உங்களுக்கு வேண்டிய சொல் 'கொஸ்டின்'. ஏதோ ஒன்று கெட்டுப்போய்விட்டது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்றால் 'ப்ராப்ளம்'. கெட்டுப்போனதாகச் சொல்ல முடியாது, ஆனால் பலர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டிய விஷயம் என்றால் 'இஷ்யூ'. ஒரு வேலையைச் செய்யச் சிரமப்படுகிறேன், கொஞ்சம் கைகொடுங்கள் என்றால் 'டிஃபிகல்ட்டி' அல்லது 'ட்ரபிள்'. சொல்லப்பட்டது உண்மைதானா, இது நடக்குமா என்று மனம் ஒப்பவில்லை என்றால் மட்டுமே 'டவுட்'.

இந்த ஒரு படியைப் பழக்கப்படுத்திக்கொண்டவருக்குப் பெரும்பாலான இடங்களில் சொல் தானாகவே வந்து நிற்கும். மீதி இடங்களுக்காகத்தான் கீழே உள்ளவை.

இரண்டாம் படி: 'டவுட்' என்ற சொல்லை எழுதும் முன் ஒரு முறை நிறுத்துங்கள்

தமிழர்களுக்கு அதிகமாகக் கால் இடறும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று அதிக நேரம் நிற்கலாம். 'டவுட்' லத்தீன் மொழியின் 'டுபிடாரே' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டு என்ற எண்ணைக் குறிக்கும் 'டுவோ' என்ற லத்தீன் சொல்லுக்கு அது உறவு. 'எனக்கு ரெண்டு மனசா இருக்கு' என்று நாம் சொல்வோமே, அதே மனநிலைதான் அந்தச் சொல்லின் அடியில் இருக்கிறது. எழுத்தில் இருந்துகொண்டு ஒலிக்காமல் நிற்கும் 'பி' என்ற எழுத்துகூட, பிரெஞ்சிலிருந்து வந்தபோது இருந்ததன்று; லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் அறிஞர்கள் செருகியது.

இந்தப் பொருள் இன்றும் மாறவில்லை என்பதை நீதிமன்றத்தில் பார்க்கலாம். குற்ற வழக்கில் அரசுத் தரப்பு தன் வழக்கை 'பியாண்ட் ரீசனபிள் டவுட்' மெய்ப்பிக்க வேண்டும், அதாவது நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்க வேண்டும். அது முடியாதபோது 'பெனிஃபிட் ஆஃப் டவுட்', அதாவது சந்தேகத்தின் பலன், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கிறது. அங்கே யாரும் எதையும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. நம்பலாமா வேண்டாமா என்பதுதான் பேச்சு. ஆகவே 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்' என்று எழுதினால், உங்கள் அறிக்கையை நான் முழுதாக நம்பவில்லை என்றே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருப்பவர் படிப்பார். 'ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் யுவர் ரிப்போர்ட்' என்று எழுதினால் அவர் பதில் சொல்லத் தயாராவார்.

அதற்காக இந்தியாவுக்குள் பேசப்படும் 'டவுட்' தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நம் கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் 'டவுட் க்ளியரிங் செஷன்' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அங்கே அது சரியான சொல்லே. ஒருவர் தம் ஊர்ப் பேச்சில் பேசுவதை இன்னொரு ஊர்க்காரர் திருத்துவது போன்றதுதான் அதைத் திருத்த முனைவது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, வெளிநாட்டுப் பேராசிரியருக்கு, தேர்வுத் தாளுக்கு எழுதும்போது மட்டும் சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்தச் சொல்லை வினையாகப் பயன்படுத்தும்போது வருகிறது. கடைக் கல்லாவில் பணம் குறைகிறது. ஓட்டுநர்தான் எடுத்திருப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. தமிழில் 'ஓட்டுநர்மேல் சந்தேகப்படுகிறேன்' என்பீர்கள். அதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு 'ஐ டவுட் தட் த டிரைவர் டுக் த மணி' என்று முதலாளிக்கு எழுதினால், ஓட்டுநர் பணத்தை எடுத்திருக்க மாட்டார் என்று நீங்கள் அவருக்காகப் பரிந்து பேசியதாக ஆகிவிடும். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்ப் பொருள். அங்கே வர வேண்டிய சொல் 'சஸ்பெக்ட்'. காய்ச்சலோடு வந்தவருக்கு டெங்குவாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால் சீட்டில் 'சஸ்பெக்டெட் டெங்கு' என்று எழுதுவாரே தவிர 'டவுட்' என்று தொடங்க மாட்டார்.

இதற்கு நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சோதனை எளிமையானது. உங்கள் தமிழ் வாக்கியத்தின் கடைசியில் 'இருக்காது' என்று வருமா, 'இருக்கும்' என்று வருமா என்று பாருங்கள். 'அவர் வந்திருக்க மாட்டார், மழை பெய்யாது, இது உண்மையாக இருக்காது' என்று இல்லை என்ற பக்கம் மனம் சாய்ந்தால் 'டவுட்'. 'அவர்தான் செய்திருப்பார், இது டெங்குவாகத்தான் இருக்கும்' என்று ஆம் என்ற பக்கம் சாய்ந்தால் 'சஸ்பெக்ட்'. எந்தப் பக்கமும் சாயாமல், தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்தால் இரண்டும் வேண்டாம், கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'கொஸ்டின்' பொதுச்சொல். எதைக் கேட்டாலும் பொருந்தும், யாரிடமும் மரியாதைக் குறைவாகாது. மக்களவை கூடும் நாட்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம், ஆங்கிலத்தில் 'கொஸ்டின் அவர்'. அங்கே நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அவ்வளவு கனமான இடத்திலும் அது 'கொஸ்டின்'தான். கனத்தைக் கூட்டுவதற்காக வேறு சொல் தேட வேண்டியதில்லை.

'க்வெரி' அதைவிடச் சிறியது. ஏற்கெனவே சமர்ப்பித்த ஒன்றைப் பற்றி, இந்த இடம் தெளிவாக இல்லையே என்று கேட்பது அதன் இயல்பு. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நிற்பவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும்: 'கம்பெனியிலிருந்து க்வெரி வந்திருக்கு' என்று ஊழியர் சொன்னவுடன், பணம் மறுக்கப்பட்டுவிட்டது என்று பதறி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுப்பு என்றால் 'ரிஜெக்ஷன்' போன்ற சொல்லே வரும். க்வெரி வந்தால், இன்னொரு ஆவணமோ மருத்துவரின் விளக்கமோ கேட்கிறார்கள் என்று பொருள். அதைக் கொடுத்தால் கோப்பு நகரும்.

'என்கொயரி' என்பதை ரயில் நிலையத்துப் பலகையிலேயே கற்றுக்கொண்டோம். இன்றும் 139 என்ற எண்ணை அழைத்து வண்டி எப்போது வரும் என்று கேட்பது ஓர் என்கொயரி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. தமிழில் வண்டி நேரம் கேட்பதும் விசாரணை, போலீஸ் கூட்டிப்போய்க் கேட்பதும் விசாரணை. பிரிட்டிஷ் வழக்கில் 'ஈ' (E) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 'என்கொயரி' தகவல் கேட்பதற்கும், 'ஐ' (I) என்ற எழுத்தில் தொடங்கும் 'இன்கொயரி' அதிகாரபூர்வமான விசாரணைக்கும் என்று பலர் பிரித்து எழுதுகிறார்கள்; அமெரிக்காவில் இரண்டுக்கும் 'ஐ' எழுத்துத்தான் பெருவழக்கு. உங்கள் நிறுவனம் எந்த வழக்கைப் பின்பற்றுகிறதோ அதையே தொடருங்கள்.

'கொஸ்டின்' வினையாக வரும்போது கடுமையாகிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஐ க்வெஸ்சன்ட் மை மேனேஜர்' என்று எழுதினால், மேலாளரை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்ததாகவோ அவருடைய முடிவை எதிர்த்ததாகவோ தொனிக்கும். 'ஐ ஆஸ்க்ட் மை மேனேஜர் எ கொஸ்டின்' என்பதில் அந்தக் கடுமை இல்லை.

நான்காம் படி: உடைந்ததா, பேச வேண்டியதா என்று பாருங்கள்

'ப்ராப்ளம்' கிரேக்கச் சொல். முன்னால் எறியப்பட்டது என்பது அதன் வேர்ப்பொருள். நம் முன் வந்து விழுந்து கிடக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது, தீர்த்தாக வேண்டும். அதனால்தான் கணக்குப் புத்தகத்தில் உள்ள கணக்கும் ப்ராப்ளம், ஒழுகுகிற குழாயும் ப்ராப்ளம். இரண்டுக்கும் விடைக்குப் பதில் தீர்வு உண்டு, 'சால்வ்' என்ற வினை உண்டு.

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. அதில் இருந்த மூன்று விண்வெளி வீரர்களில் ஜாக் ஸ்விகெர்ட்டும் பின்னர் ஜிம் லவலும் ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னது, 'வீவ் ஹேட் எ ப்ராப்ளம்'. உயிர் போகும் நேரத்தில் சொன்ன அந்தச் சொல்லை நான் அடிக்கடி மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுவேன். 'டேஞ்சர்' என்றோ 'ட்ரபிள்' என்றோ கூவாமல், இங்கே ஒன்று நேர்ந்திருக்கிறது, சேர்ந்து தீர்ப்போம் என்று வேலை மொழியில் பேசியிருக்கிறார்கள். கீழே இருந்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். மூவரும் ஏப்ரல் 17 அன்று பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

'இஷ்யூ' என்பதற்கு வெளியே வருவது என்று அடிப்படைப் பொருள். கடவுச்சீட்டில் 'டேட் ஆஃப் இஷ்யூ' என்றால் அது வழங்கப்பட்ட நாள். பத்திரிகையின் ஜனவரி இதழும் ஓர் இஷ்யூ. பழைய உயிலிலும் சட்ட ஆவணத்திலும் 'இஷ்யூ' என்றால் பிள்ளைகள், வாரிசுகள். அதேபோல நாலு பேர் நடுவே பேச்சுக்கு வெளிவந்து நிற்கும் விஷயமும் இஷ்யூ ஆயிற்று. காவிரி நீர்ப் பங்கீடு ஓர் இஷ்யூ. அதில் வாதங்கள் உண்டு, பக்கங்கள் உண்டு, பேச்சும் தீர்ப்பும் உண்டு. குழாயில் தண்ணீர் வராதது ப்ராப்ளம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இன்றைய அலுவலகங்களில் 'ப்ராப்ளம்' என்று எழுதினால் யாரையோ குறை சொல்வதாக ஆகிவிடுமென்று பயந்து எல்லாவற்றுக்கும் 'இஷ்யூ' என்றே எழுதுகிறார்கள். மென்மைக்காக அந்தச் சொல்லை ஓரிரு முறை எழுதுவதில் தவறில்லை. ஆனால் இயந்திரம் நின்று உற்பத்தி முடங்கிக் கிடக்கும்போது 'தேர் இஸ் எ ஸ்மால் இஷ்யூ' என்று எழுதுவது, படிப்பவர் அவசரப்பட வேண்டிய நேரத்தில் அவரைத் தூங்க வைப்பது. நின்றுவிட்டது என்றால் நின்றுவிட்டது என்றே எழுதுங்கள்.

தகவல் தொழில்நுட்பத் துறைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் 'ஐடில்' என்ற நடைமுறைத் தொகுப்பில் 'இன்சிடென்ட்' என்றால் சேவை திட்டமிடாமல் தடைபடுவது அல்லது அதன் தரம் குறைவது. 'ப்ராப்ளம்' என்றால் அப்படிப்பட்ட தடைகளுக்குக் காரணமாக இருப்பது. மின்னஞ்சல் காலை பத்து மணிக்கு நின்றுபோனது இன்சிடென்ட், அடிக்கடி அதை நிற்க வைக்கும் பழுது ப்ராப்ளம். அங்கே இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் புகார் தவறான குழுவுக்குப் போய்ச் சேரும்.

பேச்சில் ஓர் எச்சரிக்கை. உதவி மையத்தில் இருப்பவர் அழைத்தவரிடம் 'வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?' என்று கேட்டால், 'உனக்கு என்னய்யா பிரச்சினை?' என்று நம் தெருவில் ஒருவர் சட்டையை மடித்துவிட்டுக் கேட்பதைப் போலவே ஒலிக்கும். 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்?' என்று கேளுங்கள். ஒருவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'வாட்ஸ் த மேட்டர்?' இருக்கிறது.

ஐந்தாம் படி: சிரமத்தை எழுதும்போது இலக்கணத்தைக் கவனியுங்கள்

'ட்ரபிள்', 'டிஃபிகல்ட்டி' இரண்டும் பொருளில் நெருங்கியவை. பேச்சுக்கு முதலாவது, எழுத்துக்கு இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டுக்கும் பின்னால் வரும் வினை 'இங்' என்று முடிய வேண்டும்: 'ஐ ஹேட் ட்ரபிள் ஓபனிங் த ஃபைல்', 'ஷி ஹேஸ் டிஃபிகல்ட்டி ப்ரீதிங்'. 'டிஃபிகல்ட்டி டு ஓபன்' என்று எழுதுவது நம்மவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. 'ட்ரபிள்' பொதுவாக எண்ணிக்கைக்கு உட்படாது. 'எ ட்ரபிள்' என்று எழுத நேர்ந்தால் 'எ ப்ராப்ளம்' என்று மாற்றிவிடுங்கள். பன்மையில் பெரிய எழுத்தோடு வந்தால் அது வரலாறு: வட அயர்லாந்தில் 1960களின் கடைசியில் தொடங்கி 1998 அமைதி உடன்படிக்கை வரை நீடித்த வன்முறைக் காலத்தை அங்குள்ளவர்கள் 'த ட்ரபிள்ஸ்' என்றே சொல்கிறார்கள்.

'இன் ட்ரபிள்' என்பதிலும் கவனம் வேண்டும். 'மை பிரதர் இஸ் இன் ட்ரபிள்' என்றால் அண்ணன் வேலை செய்யச் சிரமப்படுகிறார் என்று பொருளன்று. வம்பில் மாட்டிக்கொண்டார் என்று பொருள். நீங்கள் பிறருக்குக் கொடுத்த சிரமத்துக்கு வருந்தும்போது 'இன்கன்வீனியன்ஸ்' சரியான சொல். தாமதமாகும் ரயில்களுக்காக நிலையத்தில் ஒலிபரப்பும் அறிவிப்பில் நாம் கேட்டுப் பழகியது அதுவே.

ஆறாம் படி: கூடவே வரும் வினையை வைத்துச் சரிபாருங்கள்

எழுதி முடித்தபின் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு அதோடு சேர்ந்த வினையைப் பாருங்கள். கொஸ்டினை 'ஆஸ்க்' செய்வார்கள், 'ஆன்சர்' செய்வார்கள். ப்ராப்ளத்தை 'சால்வ்' செய்வார்கள். இஷ்யூவை 'ரெய்ஸ்' செய்து 'ரிசால்வ்' செய்வார்கள். டிஃபிகல்ட்டியை 'ஓவர்கம்' செய்வார்கள். 'ஆஸ்க் எ டவுட்' என்று எழுதியிருந்தால், அந்த 'ஆஸ்க்' உங்களுக்கு வேண்டியது கேள்விதான் என்று காட்டிக்கொடுத்துவிடும். 'சால்வ் மை டவுட்' என்று எழுதியிருந்தால், உங்களுக்கு வேண்டியது விடையா, பழுது நீக்கமா என்பதை நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசியாக மின்னஞ்சலின் தலைப்பு வரி. 'டவுட்' என்றோ 'ப்ராப்ளம்' என்றோ 'அர்ஜென்ட் இஷ்யூ' என்றோ ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பாதீர்கள். சரியான சொல்லாகவே இருந்தாலும், எதைப் பற்றி என்று தெரியாமல் திறக்கிறவருக்கு அது வேலைக்கு ஆகாது. 'கொஸ்டின் அபவுட் த டைமென்ஷன் ஆன் ஷீட் டூ' என்று எழுதி, உள்ளே முதல் வரியிலேயே 'இஸ் இட் இன் மில்லிமீட்டர்ஸ் ஆர் இஞ்சஸ்?' என்று கேட்டுவிடுங்கள். பழுதைப் பற்றியதென்றால் எந்த இயந்திரம், எத்தனை மணியிலிருந்து, கடைசியாகச் சரியாக ஓடியது எப்போது என்ற மூன்றையும் தலைப்புக்கு அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.